ஒரே ஒரு யூஎஸ்பி கருவியின் வேகத்தை மட்டும் குறைப்பது எப்படி?

பில் போடும் சிஸ்டம் ஒன்றில் கீபோர்டு, மவுஸ், பார்கோடு ஸ்கேனர், லேபிள் பிரிண்டர், எடைத்தராசு, பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் என்று ஆறு யூஎஸ்பி கருவிகளாவது இருக்கும். ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது. இன்னொரு இடத்தில், பழைய கட்டிங் பிளாட்டரைப் புது சிஸ்டத்தில் மாட்டினால் பாதி பேட்டர்னோடு நின்றுவிடுகிறது. பம்ப்செட் டெஸ்ட் பெஞ்சில் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் மட்டும் டேட்டா எடுக்கும் கருவி கழன்று, மறுபடி வந்து சேர்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியானாலும் கோவை கணபதியில் ஒரு பட்டறையானாலும் கடைசியில் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க, அது ஒண்ணுக்கு மட்டும் ஸ்பீடைக் கொறைக்க முடியுங்களா?"

முடியும். ஆனால் விண்டோஸில் எங்கோ ஒரு செட்டிங் இருக்கும் என்று நம்பி அரை நாளைத் தொலைக்க வேண்டாம். 'இந்தக் கருவி இந்த வேகத்தில் ஓடட்டும்' என்று டிக் அடிக்கும் இடம் அதில் இல்லை. செருகிய மறுகணமே கருவியும் போர்ட்டும் தமக்குள் பேசி வேகத்தை முடிவு செய்துவிடுகின்றன. மேல் வேகத்துக்கான பாதை அடைபட்டிருந்தால் அடுத்த கீழ் வேகத்தில் போய் நிற்கும். ஆகவே நம் கையில் இருக்கும் வேலை, எந்தப் பாதையை எங்கே அடைப்பது என்பதுதான். அதைக் கேபிளில் அடைக்கலாம், ஹப்பில் அடைக்கலாம், லினக்ஸாக இருந்தால் போர்ட்டிலேயே அடைக்கலாம்.

வேகம் முடிவாகும் விதம்

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டால் பின்னால் வரும் எல்லாமே சுலபம்.

யூஎஸ்பியில் அன்றாடம் கண்ணில் படும் வேகங்கள் ஐந்து. லோ ஸ்பீடு நொடிக்கு 1.5 மெகாபிட். ஃபுல் ஸ்பீடு 12 மெகாபிட். ஹை ஸ்பீடு 480 மெகாபிட். இது 2000-ல் யூஎஸ்பி 2.0 உடன் வந்தது. சூப்பர் ஸ்பீடு 5 ஜிகாபிட். இது 2008-ல் 3.0 உடன் வந்தது. அதற்கு மேல் 10 ஜிகாபிட், 2013-ல் வந்த 3.1. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: 'ஃபுல்' என்றால் முழு வேகம் என்று எண்ணிக்கொள்கிறார்கள், உண்மையில் அது 'ஹை'யில் நாற்பதில் ஒரு பங்குதான். 1990-களில் அதுவே உச்ச வேகமாக இருந்ததால் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

லோ ஸ்பீடா, ஃபுல் ஸ்பீடா என்பதைச் சொல்வது கருவிக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அது டி பிளஸ் வயரை மேலே இழுத்தால் ஃபுல், டி மைனஸ் வயரை இழுத்தால் லோ. ஹை ஸ்பீடு கருவியும் முதலில் ஃபுல் ஸ்பீடு கருவியாகத்தான் வந்து நிற்கும். போர்ட் அதை ரீசெட் செய்யும்போது கருவி 'சர்ப்' என்ற ஒரு சைகையை அனுப்பும். போர்ட்டும் பதில் சைகை அனுப்பினால் இரண்டும் 480-க்கு ஏறும். பதில் வரவில்லையென்றால் கருவி 12-லேயே தங்கிவிடும். இது முதல் கதவு.

இரண்டாவது கதவு வயர்களிலேயே இருக்கிறது. சூப்பர் ஸ்பீடு அந்தப் பழைய டி பிளஸ், டி மைனஸ் ஜோடியில் ஓடுவதில்லை. அதற்குத் தனியாக ஐந்து முனைகள் உண்டு: அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி, கூடவே ஒரு கிரவுண்டு. அதனால் 3.0 வகை பிளக்கில் மொத்தம் ஒன்பது முனைகள். அந்த ஐந்தும் சேரவில்லை என்றால் கருவி 480-ல் வந்து நிற்கும்.

இதிலிருந்தே எது முடியும், எது முடியாது என்பது தெளிவாகும். 5 ஜிகாபிட் கருவியை 480-க்கு இறக்க வயரைக் குறைத்தால் போதும். 480-லிருந்து 12-க்கு இறக்க சர்ப் சைகை போய்ச் சேராமல் செய்ய வேண்டும்; அதற்குக் கேபிள் மட்டும் உதவாது. 1.5-க்கு யாராலும் எதையும் இறக்க முடியாது, ஏனென்றால் அது கருவியின் பிறவிக் குணம். 100, 200 மெகாபிட் என்ற இடைப்பட்ட வேகங்களும் கிடையாது.

இறக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்

பாதிப் பேர் ஏற்கெனவே 12-ல் ஓடும் கருவியைக் குறைக்கப் பார்க்கிறார்கள். எடைத்தராசு, பழைய சிஎன்சி பேனல் ஆகியவற்றை இணைக்கும் யூஎஸ்பி-சீரியல் கேபிள்களில் பெரும்பாலும் சிஹெச்340, பிஎல்2303, எஃப்டி232ஆர் சிப்புகள்தான் இருக்கும். மூன்றும் ஃபுல் ஸ்பீடு, 12-க்கு மேல் போகாதவை. கீபோர்டும் மவுஸும் 1.5 அல்லது 12. பார்கோடு ஸ்கேனரும் பெரும்பாலும் 12. இவற்றில் தொல்லை என்றால் வேகம் காரணமாக இருக்காது. கேபிள், எர்த், டிரைவர் ஆகியவற்றைப் பாருங்கள்.

விண்டோஸில் இப்போதைய வேகத்தைப் பார்க்க யூஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர் என்ற இலவச மென்பொருள் நன்றாக உதவுகிறது. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. திறந்து, இடது பக்க மரத்தில் கருவியைத் தொட்டால், வலது பக்கத்தில் அது எந்த வேகத்தில் ஓடுகிறது, எதுவரை ஓடக்கூடியது என்ற இரண்டுமே தெரியும். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதி.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சேர்த்தடித்து, ஒரு இடைவெளி, ஹைஃபன், சின்ன டி. மரம் போல விரியும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 1.5, 12, 480, 5000, 10000 என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதுதான் வேகம். கருவியின் வரியில் போர்ட் எண்ணும், அதற்கு மேலே அந்த மரம் தொடங்கும் வரியில் பஸ் (ஒரே கண்ட்ரோலரின் கீழ் வரும் போர்ட்டுகளின் தொகுதி) எண்ணும் இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் அதை 1-4 என்று எழுதினால் ஒன்றாவது பஸ், நான்காவது போர்ட். 1-4.2 என்றால் நான்காவது போர்ட்டில் ஒரு ஹப், அந்த ஹப்பின் இரண்டாவது போர்ட்டில் கருவி.

கெர்னல் லாக்கையும், அதாவது லினக்ஸின் மையப் பகுதி எழுதிவைக்கும் குறிப்பையும், ஒருமுறை புரட்டுங்கள். எரர் மைனஸ் 71 என்று திரும்பத் திரும்ப வந்தால் சிக்னல் சிதைந்து வருகிறது. முதல் சந்தேகம் கேபிள் மேல். மைனஸ் 110 என்றால் கருவி நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. மைனஸ் 71 வரும் இடத்தில் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் குணம் தெரியும். ஆனால் முதலில் ஒரு நல்ல கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு இறங்குவதே முறை.

5 ஜிகாபிட்டிலிருந்து 480-க்கு: கேபிளை மாற்றினால் ஆயிற்று

அதிகம் தேவைப்படுவது இதுதான். காரணமும் பெரும்பாலும் வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு, வைஃபை டாங்கிள்தான். 5 ஜிகாபிட் சிக்னல் ஓடும்போது அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இதை இன்டெல் 2012-ல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க்கின் பிளக்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் மவுஸ் டாங்கிள் இருந்தால் மவுஸ் திக்கத்தான் செய்யும். டாங்கிளை ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மேசை மேல் கொண்டுவந்து பாருங்கள். பல இடங்களில் அதோடு தீர்ந்துவிடும், ஹார்ட் டிஸ்க்கின் வேகமும் பறிபோகாது. அது சரிப்படாவிட்டால் மட்டும் ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தை இறக்குங்கள்.

சிபியு பின்பக்கத்தில் கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட் காலியாக இருந்தால் அதில் மாற்றிச் செருகினாலே வேலை முடிந்தது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நீலம் போடாத 3.0 போர்ட்டுகள் உண்டு. உள்ளே நீல நாக்கு வைத்துவிட்டு நான்கு முனை மட்டும் வைத்த மலிவுச் சரக்கும் உண்டு. டார்ச் அடித்து முனைகளை எண்ணுவதுதான் உறுதி.

கறுப்பு போர்ட் இல்லையென்றால் அரை மீட்டர் நீள யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்குங்கள். உள்ளே நான்கு வயர் மட்டுமே உள்ளது வேண்டும். கடையில் கேட்டால் வேகமானது என்று சொல்லி 3.0-ஐ எடுத்துத் தருவார்கள். நமக்கு வேண்டியது பழையதுதான் என்று சொல்லி வாங்குங்கள். பிளக்கின் வாய்க்குள் பாருங்கள். முன்பக்கம் நான்கு தட்டையான தகடுகள் தெரியும். அதற்குப் பின்னால், ஆழத்தில், ஐந்து சின்ன முனைகள் வரிசையாக இருந்தால் அது 3.0. இல்லையென்றால் நமக்கு ஏற்றது.

வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. பல ஹார்ட் டிஸ்க்குகளில் அகலமாக, நடுவில் இடுப்பு ஒடுங்கியதுபோல் இரண்டு பாகமாக ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஒரு பாகம் பழைய மைக்ரோ யூஎஸ்பியின் அதே வடிவம். பழைய செல்போனுக்கு வந்த மைக்ரோ யூஎஸ்பி டேட்டா கேபிளை அந்தப் பாகத்தில் மட்டும் செருகினால் கச்சிதமாகப் பொருந்தும். பக்கத்துப் பாகம் காலியாக இருக்கும். சூப்பர் ஸ்பீடு வயர்கள் அங்கேதான் இருப்பதால் டிஸ்க் தானாக 480-ல் வந்து நிற்கும். டைப்-சி கருவிகளுக்கும் இதே தந்திரம்: செல்போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0 வயர்கள் மட்டும் கொண்டவை.

இங்கே இடறும் இடங்கள் இரண்டு. முதலாவது, சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். அதில் டேட்டா வயரே இல்லாததால் கருவி கண்ணுக்கே தெரியாது. இரண்டாவது கரண்ட். யூஎஸ்பி 2.0 கணக்கில் ஒரு போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 கணக்கில் 900. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஸ்டார்ட் ஆகும்போது நிறைய இழுக்கும். மெல்லிய செல்போன் கேபிளில் வோல்டேஜ் விழுந்து, டிஸ்க் 'டிக்... டிக்...' என்று தலையை இழுத்து இழுத்து நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். விடாமல் முயன்றால் டிஸ்க்கும் போகும், அதில் உள்ள பேக்கப்பும் போகும். தடித்த, நீளம் குறைந்த கேபிளோ அடாப்டர் உள்ள யூஎஸ்பி 2.0 ஹப்போ போட்டால் சரியாகிவிடும்.

பிளக்கை மெதுவாக, பாதி மட்டும் செருகினாலும் கருவி 480-ல் பிடித்துக்கொள்வதுண்டு. ஆழத்தில் உள்ள ஐந்து முனைகள் சேரும் முன்பே முன்னால் உள்ள நான்கும் சேர்ந்துவிடுவதுதான் காரணம். அடையாளம் காண இது உதவும். வேலைக்கு நம்ப முடியாது. மேசை அசைந்தால் கழன்றுவிடும்.

480-லிருந்து 12-க்கு: சர்ப் சைகையை நிறுத்துவது

பழைய பிளாட்டர், ஆடியோ பெட்டி, தானே செய்த போர்டு போன்றவை 480-ல் தடுமாறும்போது இது தேவைப்படும். நம் பக்கத்துப் பட்டறைகளில் இன்னொரு காரணம் விஎஃப்டி. மோட்டாருக்கு வேகம் கூட்டிக் குறைக்கும் அந்த டிரைவ் பெட்டிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சுவிட்ச் ஆகின்றன. அந்த இரைச்சல் எர்த் வழியாகவும் கேபிள் வழியாகவும் யூஎஸ்பிக்குள் ஏறும். கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் ஒரே கூரைக்கு அடியில் டிரைவும் டெஸ்ட் பெஞ்சும் கணினியும் இருந்தால் இதைத் தவிர்ப்பது கடினம்.

அதற்கு நாங்கள் முதலில் சொல்வது யூஎஸ்பி ஐசொலேட்டர். ஏடியூஎம்3160 அல்லது ஏடியூஎம்4160 சிப் போட்ட சின்ன போர்டு. ஒரு பக்கம் கணினி, மறுபக்கம் கருவி, நடுவில் மின்தொடர்பே இல்லை. இந்தச் சிப்புகள் 1.5, 12 என்ற இரண்டு வேகங்களை மட்டுமே கடத்தும். சர்ப் சைகை இதைத் தாண்டாது. எனவே 480 கருவியும் 12-ல் நின்றுவிடும். வேகக் குறைப்பு, இரைச்சல் தடுப்பு இரண்டும் ஒரே செலவில் முடிகின்றன. வாங்கும்போது ஹை ஸ்பீடு ஐசொலேட்டர் என்று வேறொரு வகையும் விற்கிறது என்பதைக் கவனியுங்கள். அது 480-ஐக் கடத்தும். விலையும் அதிகம், நம் வேலைக்கும் ஆகாது.

மாட்டும்போது போர்டில் உள்ள சின்ன ஸ்லைடு சுவிட்சையோ ஜம்பரையோ தேடுங்கள். லோ, ஃபுல் என்று இரண்டு நிலை இருக்கும். இந்தச் சிப் கருவியின் வேகத்தைத் தானாகக் கண்டுபிடிக்காது, நாம்தான் சொல்ல வேண்டும். ஃபுல் பக்கம் தள்ளி வையுங்கள். தவறான பக்கம் இருந்தால் கருவி வரவே வராது, போர்டு பழுது என்று திருப்பிக் கொடுக்கத் தோன்றும். அடுத்தது மின்சாரம். இந்த போர்டுகளில் பரவலாக இருக்கும் 1 வாட் கன்வெர்ட்டர் 5 வோல்ட்டில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. பென்டிரைவையோ சுழலும் டிஸ்க்கையோ இதில் மாட்டாதீர்கள். தன் சொந்த அடாப்டரில் ஓடும் கருவிக்கு இது பிரமாதம். ஆனால் அந்தக் கருவியின் எர்த்தும் கணினியின் எர்த்தும் வேறொரு கேபிள் வழியாக, உதாரணமாக ஒரு சீரியல் கேபிளிலோ ஷீல்டிலோ, ஒன்று சேர்ந்திருந்தால் ஐசொலேஷன் வீண். எல்லா இணைப்பையும் ஒருமுறை கையால் தொடர்ந்து பார்த்துவிடுங்கள்.

இரைச்சல் தொல்லை இல்லை, வேகம் மட்டும் குறைந்தால் போதும் என்றால் யூஎஸ்பி 1.1 ஹப் போதும். புதிதாகக் கிடைப்பது அரிது. பழைய மானிட்டர்கள், பழைய கீபோர்டுகளின் பக்கவாட்டில் உள்ள போர்ட்டுகளில் சில இன்னும் 1.1 வகைதான். கணினியில் மாட்டி, வேகம் பார்க்கும் மரத்தில் அந்த ஹப்பே 12 என்று காட்டினால் அதற்குக் கீழே எது மாட்டினாலும் 12-தான். யூஎஸ்பி 2.0 ஹப் இதற்கு உதவாது. அது 480-ஐ அப்படியே கடத்திவிடும்.

எல்லாக் கருவியும் 12-ல் வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். ஹை ஸ்பீடு கருவி 12-ல் செருகினாலும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. முழு வேலையையும் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில வீடியோ கேப்சர் பெட்டிகள் பட்டியலில் வரும், படம் வராது. வெப்கேம் வந்தாலும் சின்ன அளவுப் படமே வரும். ஃபுல் ஸ்பீடில் ஒரு மில்லி நொடிக்கு 1023 பைட்டுக்கு மேல் வீடியோவுக்கு ஒதுக்க முடியாது என்பதே காரணம்.

பென்டிரைவ் போன்றவற்றுக்கு 12 என்றால் நடைமுறையில் நொடிக்கு 1 மெகாபைட் சொச்சம்தான். 1 ஜிபி நகலெடுக்கக் கால் மணி நேரம். 20 ஜிபி சாம்பிள் போட்டோக்களை அனுப்ப ஐந்து மணி நேரம் ஆகும். அதே வேலை 480-ல், நொடிக்கு 35 மெகாபைட் கணக்கில், பத்து நிமிடத்துக்குள் முடியும். எனவே 12-க்கு இறக்குவது அளவிடும் கருவி, பிளாட்டர், கண்ட்ரோல் போர்டு போன்றவற்றுக்கு மட்டும் இருக்கட்டும்.

லினக்ஸில் போர்ட்டை மட்டும் அடைப்பது

கேபிளைத் தொடாமல் செய்ய வேண்டுமென்றால் லினக்ஸ்தான் வழி விடுகிறது. கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

5 ஜிகாபிட்டை 480-க்கு இறக்க: கெர்னல் 6.0 முதல் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'டிஸேபிள்' என்ற ஃபைல் வந்திருக்கிறது. வெளியே ஒரே ஓட்டையாகத் தெரியும் நீல போர்ட் லினக்ஸுக்கு இரண்டு போர்ட். ஒன்று 480 பஸ்ஸில், இன்னொன்று 5000 அல்லது 10000 பஸ்ஸில். வேகமான பக்கத்தை மட்டும் அடைத்தால் கருவி மெதுவான பக்கம் வந்து சேர வேண்டும். மரத்தில் உங்கள் கருவி இரண்டாவது பஸ், மூன்றாவது போர்ட் என்று வைத்துக்கொள்வோம். சிஸ் ஃபோல்டரில் பஸ், அதற்குள் யூஎஸ்பி, அதற்குள் டிவைசஸ், அதற்குள் 2-0:1.0, அதற்குள் யூஎஸ்பி2-போர்ட்3. அங்கே இருக்கும் டிஸேபிள் ஃபைலில் 1 என்று எழுதுங்கள். திரும்பக் கொண்டுவர 0.

மூன்று கவனங்கள். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் முதலில் அன்மவுண்ட் செய்யுங்கள். போர்ட் அடைபடும்போது கருவி பட்டென்று கழன்றதாகவே சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். அடுத்து, 480 பக்கத்துப் போர்ட்டைத் தவறுதலாக அடைத்துவிடக் கூடாது. போர்ட் ஃபோல்டருக்குள் 'பியர்' என்ற இணைப்பு இருந்தால் அது ஜோடிப் போர்ட் எது என்று காட்டும், அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடைத்த பிறகும் கருவி வராவிட்டால் ஒருமுறை உருவிச் செருகுங்கள். மதர்போர்டுக்கு மதர்போர்டு இதில் நடத்தை மாறும். வராவிட்டால் 0 எழுதிவிட்டு கேபிள் வழிக்கே போய்விடுங்கள்.

'சூடோ எக்கோ' என்று தொடங்கி அம்புக்குறி போட்டு எழுதினால் பர்மிஷன் டினைடு என்று வரும். சூடோவின் அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான், அம்புக்குறிக்கு இல்லை. எக்கோ 1 என்று அடித்து, செங்குத்துக் கோடு (பைப்) போட்டு, சூடோ டீ, பிறகு ஃபைலின் முழுப் பாதை என்று எழுதினால் போகும்.

480-லிருந்து 12-க்கு: இது பழைய கணினிகளில் மட்டும் முடியும், அங்கே மிக அழகாக முடியும். அந்தக் கணினிகளில் 480-க்கு இஹெச்சிஐ என்று ஒரு கண்ட்ரோலர், 12-க்கும் 1.5-க்கும் யூஹெச்சிஐ அல்லது ஓஹெச்சிஐ என்று துணைக் கண்ட்ரோலர்கள் தனியே இருந்தன. ஒரு போர்ட்டை நிரந்தரமாகத் துணைக்குக் கொடுத்துவிட்டால் அதில் செருகியது எல்லாம் 12-தான். சிஸ், பஸ், பிசிஐ, டிவைசஸ் என்று போய், இஹெச்சிஐ கண்ட்ரோலரின் பிசிஐ எண் கொண்ட ஃபோல்டரைத் திறங்கள். 'கம்பேனியன்' என்ற ஃபைல் அங்கே இருக்கும். நான்காவது போர்ட்டை இறக்க அதில் 4 என்று எழுதுங்கள். மீட்க -4. மதர்போர்டின் நேரடிப் போர்ட்டுகளுக்கு மட்டுமே இது செல்லும், ஹப்புக்குப் பின்னால் உள்ளவற்றுக்குச் செல்லாது. பட்டறை மூலையில் பழைய சிஸ்டம் ஒன்று பழைய பிளாட்டருக்கென்றே ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், இந்த வசதிக்காகவே வைத்துக்கொள்ளலாம். இன்டெல் 5-வது வரிசை சிப்செட் வந்தபோது துணைக் கண்ட்ரோலரின் இடத்தை மதர்போர்டுக்குள்ளேயே ஒரு ஹப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பின் வந்தவற்றில் இது நடக்காது. எல்லா வேகத்தையும் ஒன்றே கவனித்துக்கொள்ளும் இப்போதைய எக்ஸ்ஹெச்சிஐ கண்ட்ரோலர்களிலும் இதற்குச் சமமான ஃபைல் இல்லை. அங்கே ஐசொலேட்டர்தான்.

இவை எல்லாமே ரீஸ்டார்ட் செய்தால் அழிந்துவிடும். தினமும் வேண்டுமென்றால் பூட் ஆகும்போது அந்த ஒரு வரியை எழுதும் சின்ன சிஸ்டம்டி சர்வீஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு: முதல் மாடலிலிருந்து 3 வரை சிஎம்டிலைன் ஃபைலில் 'டிடபிள்யூசி அடிக்கோடு ஓடிஜி புள்ளி ஸ்பீடு சமக்குறி 1' என்று சேர்த்தால் எல்லா போர்ட்டும் 12-க்கு இறங்கும். ஒரு கருவிக்கு மட்டும் என்று பிரிக்க முடியாது. அவற்றில் நெட்வொர்க் போர்ட்டும் இதே யூஎஸ்பியில்தான் தொங்குகிறது, அதுவும் சேர்ந்து படுத்துவிடும். பை 4-ல் யூஎஸ்பி-ஏ போர்ட்டுகள் வேறு சிப்பில் இருப்பதால் இந்த வரி அவற்றைத் தொடாது. சொந்தமாக ஐ.எம்.எக்ஸ் சிப்பில் போர்டு செய்பவர்கள் டிவைஸ் ட்ரீயில் மேக்சிமம்-ஸ்பீடு என்ற இடத்தில் ஃபுல்-ஸ்பீடு என்று எழுதினால் அந்த ஒரு கண்ட்ரோலர் மட்டும் இறங்கும்.

விண்டோஸும் பயாஸும்

இங்கே ஒரு கருவிக்கு மட்டும் என்று செய்ய வழி இல்லை, முழுக் கண்ட்ரோலரையும் தொட வேண்டியிருக்கும். எக்ஸ்பி காலத்துக் கணினியில் டிவைஸ் மேனேஜரில் 'என்ஹான்ஸ்டு ஹோஸ்ட் கண்ட்ரோலர்' என்பதை டிஸேபிள் செய்தால் அதன் போர்ட்டுகள் எல்லாம் 12-ல் ஓடும். இன்டெல் 7, 8, 9 வரிசை மதர்போர்டுகளின் பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் திரை) எக்ஸ்ஹெச்சிஐ என்ற வரியை அணைத்தால் நீல போர்ட்டுகள் 480-ல் ஓடும்.

2015-ல் வந்த ஸ்கைலேக் முதல் இன்டெல் சிப்செட்டில் இஹெச்சிஐயே இல்லை. அதில் போய் டிவைஸ் மேனேஜரில் எக்ஸ்ஹெச்சிஐயை டிஸேபிள் செய்தால் கீபோர்டு, மவுஸ் உட்பட எல்லாம் ஒரே நொடியில் செத்துவிடும், திரும்ப எனேபிள் செய்யக் கையில் ஒன்றும் இருக்காது. புது கணினியில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இறக்கிய பிறகு

விண்டோஸ் மூலையில் 'இந்தக் கருவி இதைவிட வேகமாக ஓடும்' என்று ஓர் அறிவிப்பு வரலாம். லினக்ஸ் லாக்கிலும் உச்ச வேகத்தில் ஓடவில்லை, ஹை ஸ்பீடு ஹப்பில் மாட்டுங்கள் என்ற பொருளில் ஒரு வரி வரும். இரண்டும் நம் வேலை பலித்ததற்கு அடையாளம். ஆனாலும் மரத்தைத் திறந்து எண்ணை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். பிறகு மோட்டாரை நாலைந்து தரம் ஸ்டார்ட் செய்து, அல்லது ஒரு முழு பேட்டர்னை வெட்டவிட்டுச் சோதியுங்கள்.

வேகத்தைக் குறைத்தால் கேபிளை நீட்டிக்கொள்ளலாம் என்றும் பலர் நினைக்கிறார்கள். எடைமேடை கேபினிலிருந்து ஆபீஸுக்கு 20 மீட்டர் இருக்கும். 12-க்கு இறக்கினாலும் யூஎஸ்பி கேபிளின் கணக்கு 5 மீட்டர்தான், ஏனென்றால் பதில் வந்து சேர ஆகும் நேரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. தரம் குறைந்த 5 மீட்டர் கேபிளில் 480 தடுமாறினால் 12 ஓடும், அவ்வளவுதான் லாபம். 20 மீட்டருக்கு ஆர்எஸ்-485 என்ற நீண்ட தூர சீரியல் இணைப்பை இழுத்து, ஆபீஸ் பக்கத்தில் யூஎஸ்பியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லையையும் வேகக் குறைப்போடு குழப்பிக்கொள்கிறார்கள். லினக்ஸில் பென்டிரைவுக்குப் பெரிய ஃபைல் ஏற்றும்போது சிஸ்டமே உறைந்துபோனால் அதற்கு இணைப்பு வேகம் காரணமல்ல. எழுத வேண்டியது மெமரியில் மலைபோல் தேங்கிவிடுவதே காரணம். விஎம் டர்ட்டி பைட்ஸ் என்ற மதிப்பை 50331648, அதாவது 48 மெகாபைட் என்றும், டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸை 16777216 என்றும் வைத்தால் உறைவது நிற்கும். பேக்கப் ஓடும்போது மற்ற வேலை மந்தமானால் ஆர்சிங்க் கட்டளையில் பிடபிள்யூலிமிட் போட்டு நகலெடுக்கும் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தலாம். அங்கே நொடிக்கு 5 மெகாபைட், 8 மெகாபைட் என்று விரும்பிய எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

கேபிள் வழியில் இறக்கியிருந்தால் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் சுற்றி, '2.0 - மாற்ற வேண்டாம்' என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். ஆயுத பூஜைக்குக் கம்பெனியைத் துடைத்துச் சுத்தம் செய்யும்போது யாராவது பழைய கேபிளை எடுத்துவிட்டு, நல்ல எண்ணத்தில் நீல வாய் வைத்த புதுக் கேபிளைச் செருகிவிடுவார்கள். மறுநாள் காலையில் மவுஸ் மறுபடி திக்கும்.